1971-ஐ மறுபடியும் அடுப்பில் ஏற்றுவது எப்படி?

1971-இன் தொடக்கத்தில் அஜித் வாடேகர் தலைமையில் இந்திய அணி வெஸ்ட் இண்டீஸ் போனது. அதுவரை அந்த அணியிடம் இந்தியா ஒரு டெஸ்ட்கூட ஜெயித்ததில்லை. ஐந்து டெஸ்டில் நான்கு டிரா, ஒன்றில் வெற்றி. தொடர் நம் கைக்கு வந்துவிட்டது. 21 வயது சுனில் கவாஸ்கர் நான்கே டெஸ்டில் 774 ரன் அடித்தார். சென்னையின் வெங்கட்ராகவன் துணைக் கேப்டனாகப் போய் 22 விக்கெட்டோடு திரும்பினார்.

அந்தத் தொடரை இன்றைக்கு வீட்டுக் கம்ப்யூட்டரில் முதல் பந்திலிருந்து மறுபடி ஆடலாம். வீடியோ கேம் பக்கமே போகாதவர்களுக்கு இது மாயம் போலத் தோன்றும். மாயம் ஒன்றுமில்லை. பாட்டி ஈயச் சொம்பில் வைத்த ரசத்தை இன்றைய கேஸ் அடுப்பில் வைத்துப் பார்க்கிற வேலைதான் இது. பாட்டி இல்லை, அந்த விறகடுப்பும் இல்லை. ரசம் எப்படி இருந்தது என்ற குறிப்பு மட்டும் கையில் இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று வரிசையாகப் பார்ப்போம்.

முதலில் சமையலறை. எந்த கிரிக்கெட் கேமை எடுத்தாலும் உள்ளே இரண்டு பாகம் இருக்கும். ஒன்று இன்ஜின். பந்து எப்படிக் குதிக்கும், மட்டையில் பட்டால் எங்கே போகும், யார் பிடிப்பார் என்பதையெல்லாம் கணக்கிடும் நிரல் அது. அதுதான் அடுப்பு. இன்னொன்று தரவு: ஆட்டக்காரர் பெயர், திறமைக்கான எண்கள், சட்டை, மைதானம், ஆட்ட அட்டவணை. அது மளிகைச் சாமான். அடுப்பைப் பிரித்து மாற்ற நம்மால் முடியாது, மளிகையை மாற்றலாம். 2006-இல் வந்த ஈஏ ஸ்போர்ட்ஸின் கிரிக்கெட் 07-இல் ரசிகர்கள் கோப்புகளைத் திறந்து முகத்தையும் சட்டையையும் அணிப்பட்டியலையும் மாற்றினார்கள். பிறகு 2014-இல் மெல்பர்னின் பிக் ஆன்ட் ஸ்டுடியோஸ் உருவாக்கிய டான் பிராட்மேன் கிரிக்கெட் 14 வந்தது. ஆட்டக்காரரையும் அணியையும் நாமே செய்துகொள்ள அதில் 'அகாடமி' என்று ஒரு பகுதியே உண்டு. அதனால் இப்போது கோப்பைக் குடைய வேண்டியதில்லை. திரையிலேயே எண்களைத் திருகினால் போதும்.

அடுத்து, சாமான் பட்டியல். இதில் கை சும்மா இருக்காது. இந்தியச் சுழல் என்றதும் சந்திரசேகரைச் சேர்க்கத் தோன்றும். விக்கெட் கீப்பர் என்றதும் ஃபரூக் என்ஜினியரைப் போடத் தோன்றும். இருவருமே அந்தப் பயணத்தில் இல்லை. கீப்பர் கிருஷ்ணமூர்த்தி, சுழலுக்கு பேடி, பிரசன்னா, வெங்கட், துரானி. பட்டோடியும் போகவில்லை. பாட்டி போடாத பெருங்காயத்தை நாம் போட்டுவிட்டு "பாட்டி ரசம்" என்று சொல்லக் கூடாது.

பெயர் ஏற்றும்போது வலது கையா இடது கையா என்று கேட்கும் கட்டத்தை யாரும் மதிப்பதில்லை. இந்தத் தொடருக்கு அது உயிர்நாடி. எதிரணியில் ஃப்ரெடரிக்ஸ், லாய்ட், சோபர்ஸ் மூவரும் இடது கை மட்டையாளர்கள். வெங்கட்டும் பிரசன்னாவும் ஆஃப் ஸ்பின்னர்கள். அவர்கள் பந்து இடது கைக்காரரை விட்டு வெளியே திரும்பும். கை மாறிப் பதிந்தால் அதே பந்து உள்ளே வரும், இன்ஜின் அவுட் ஆகும் வாய்ப்பை வேறு விதமாகக் கணக்கிடும். ஒரு கட்டத்தில் தவறான டிக், தொடரின் சுவையே மாறிவிடும்.

சோபர்ஸ் இன்னொரு தலைவலி. அவர் வேகமாகவும் வீசுவார், இடது கைச் சுழலும் போடுவார், மணிக்கட்டைத் திருப்பியும் போடுவார். கேம்களோ பெரும்பாலும் ஒருவருக்கு ஒரே வகைப் பந்துவீச்சைத்தான் அனுமதிக்கும். அதனால் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். என்னைக் கேட்டால் வேகத்தைக் கொடுங்கள். சுழலுக்கு அந்த அணியில் ஜாக் நொரிகா இருக்கிறார். மேதைகளை அடைக்கிற அளவுக்கு எந்தப் பட்டியலிலும் கட்டம் கிடையாது.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறோம்: திறமை எண்கள். பெரும்பாலானவர்கள் சறுக்குவது இங்கேதான். கவாஸ்கர் அந்தத் தொடரில் எடுத்த சராசரி 154.80. சரி, அந்த அளவுக்கு எண்ணை ஏற்றிவிடுவோம் என்று கை போகும். ஆனால் ஸ்கோர்கார்டு சொல்வது கொதித்து இறக்கிய ரசத்தின் ருசியை. கேம் கேட்பது புளி எவ்வளவு, மிளகு எவ்வளவு என்று. ருசியை அப்படியே எடுத்துப் பாத்திரத்தில் கொட்ட முடியாது.

கணக்காகவே பார்த்துவிடலாம். இன்ஜின் ஒவ்வொரு பந்துக்கும் உள்ளே ஒரு குலுக்கல் நடத்துகிறது: ரன் இல்லை, ஒன்று, இரண்டு, நான்கு, அவுட். ஒவ்வொன்றுக்கும் ஒரு வாய்ப்பு அளவு உண்டு. திறமை எண் அந்த அளவை மாற்றுகிறது. கவாஸ்கர் 100 பந்தில் 40 ரன் எடுப்பார் என்று வைத்துக்கொள்வோம். சராசரி 154.80 வேண்டுமென்றால் 387 பந்துக்கு ஒரு முறைதான் அவர் அவுட் ஆக வேண்டும். அப்படி அமைத்தால் எந்தத் தொடரிலும் அவரை யாராலும் அசைக்க முடியாது. நாலாவது இன்னிங்ஸிலேயே உங்களுக்கு அலுத்துவிடும்.

அதற்குப் பதிலாக அவருடைய மொத்த டெஸ்ட் வாழ்க்கையின் சராசரியை எடுங்கள்: 51.12. அப்போது ஏறக்குறைய 128 பந்துக்கு ஒரு முறை அவுட். இந்த ஒரே எண்ணை வைத்துக் குலுக்கினால், ஏழு இன்னிங்ஸுக்கு ஒரு முறை சதம் வரும் என்று கணக்கு சொல்கிறது. நிஜத்தில் அவர் ஆடியது 214 இன்னிங்ஸ், அடித்தது 34 சதம். ஆறே கால் இன்னிங்ஸுக்கு ஒன்று. சரி, 220 ரன் வருமா? எழுபது இன்னிங்ஸுக்குச் சற்று மேலே போனால் ஒரு முறை வரும். நிஜத்தில் 220-ஐத் தொட்டது அல்லது தாண்டியது மூன்றே முறை: 1971-இல் போர்ட் ஆஃப் ஸ்பெயினில் 220, 1979-இல் ஓவலில் 221, 1983-இல் நம் சேப்பாக்கத்தில் ஆட்டமிழக்காமல் 236. 214-ஐ மூன்றால் வகுத்துப் பாருங்கள், எழுபத்தொன்று வரும். இவ்வளவு எளிய குலுக்கல் இவ்வளவு நெருங்கி வருவது எனக்கு இன்னும் ஆச்சரியம்தான்.

கேம்கள் சராசரியை நேரே கேட்காது. நூற்றுக்கு இத்தனை என்று ஒரு மதிப்பெண் கேட்கும். அதனால் ஒரு எண்ணைப் போட்டுவிட்டு, நாம் ஆடாமல் கம்ப்யூட்டரையே பல ஆட்டம் தானாக ஓட விட வேண்டும். சராசரி 60 வந்தால் எண்ணைக் குறையுங்கள், 40 வந்தால் கூட்டுங்கள். உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு உப்பு பார்ப்பது போலத்தான், வேறொன்றுமில்லை.

அப்படியானால் 774 எங்கிருந்து வந்தது? பாதி விடை எதிரணியின் பந்துவீச்சில் இருக்கிறது. வெஸ்ட் இண்டீஸ் என்றதும் நான்கு முரட்டு வேகப்பந்து வீச்சாளர்கள் நினைவுக்கு வருவார்கள். 1971-இல் அவர்கள் இல்லை. ஹாலும் கிரிஃபித்தும் ஓய்ந்துவிட்டார்கள். ராபர்ட்ஸ், ஹோல்டிங் காலம் இன்னும் பிறக்கவில்லை. ஹோல்டர், ஷில்லிங்ஃபோர்டு, டௌ, பாய்ஸ் ஆகியோர்தான் வேகம். இவர்களுக்கு நடுத்தர எண்களையே கொடுங்கள். மிளகாயை அள்ளிப் போட்டுவிட்டுப் பாட்டி ரசம் ஏன் காரமாக இல்லை என்று கேட்பதில் நியாயமில்லை. மாறாக மட்டை வரிசையைத் தாராளமாக ஏற்றுங்கள்: கன்ஹாய், லாய்ட், டேவிஸ், அந்தத் தொடரில் 597 ரன் அடித்த சோபர்ஸ்.

பிறகு தீயின் அளவு, அதாவது ஆடுகளம். போர்ட் ஆஃப் ஸ்பெயினின் குயின்ஸ் பார்க் ஓவலில் நொரிகா ஒரே இன்னிங்ஸில் 95 ரன்னுக்கு 9 விக்கெட் எடுத்தார். அடுத்து வெங்கட் 95 ரன்னுக்கே 5. இந்த இரண்டு வரி போதும், அங்கே வறண்ட, சுழலுக்கு உதவும் களம் என்று அமைக்க. பிரிட்ஜ்டவுனில் வெஸ்ட் இண்டீஸ் ஐந்து விக்கெட்டுக்கு 501 அடித்து டிக்ளேர் செய்தது. அங்கே கெட்டியான, மட்டைக்குச் சாதகமான களம். குறிப்பில் எழுதாததையும் சமைத்தவர் கையின் அடையாளத்தை வைத்து ஊகிக்கலாம்.

விதிகளை அமைப்பதில்தான் ருசி ஒளிந்திருக்கிறது. டிஆர்எஸ்ஸை அணையுங்கள். ஹெல்மெட்டைக் கழற்றித் தொப்பி போடுங்கள். சட்டை முதுகில் எண் வேண்டாம். டெஸ்டில் அது வந்ததே 2019-இல்தான். இவையெல்லாம் எளிது. கிங்ஸ்டன் டெஸ்ட் எளிதல்ல. அங்கே முதல் நாள் மழையில் போனது. இந்தியா 75 ரன்னுக்கு 5 விக்கெட் இழந்து, பிறகு சர்தேசாயின் 212-ஆல் 387-ஐ எட்டியது. வெஸ்ட் இண்டீஸ் 217-க்கு அவுட். முன்னிலை 170. ஐந்து நாள் டெஸ்டில் ஃபாலோ ஆன் கேட்க 200 வேண்டும். ஆனால் முதல் நாளே போய்விட்டால் மிச்ச நாட்களை வைத்துக் கணக்கிட வேண்டும், அப்போது 150 போதும். வாடேகர் அதைப் பிடித்துக்கொண்டு சோபர்ஸ் அணியை மறுபடி ஆடச் சொன்னார். வெஸ்ட் இண்டீஸை இந்தியா ஃபாலோ ஆன் ஆட வைத்தது அதுவே முதல் முறை. இந்த விதி எல்லா கேமுக்கும் தெரியும் என்று நம்பாதீர்கள். அந்த டெஸ்டை நான்கு நாள் ஆட்டமாக அமைத்துப் பாருங்கள். அப்போதும் கேம் 200-ஐயே பிடித்துத் தொங்கினால், அந்தக் காட்சியை இழக்கத்தான் வேண்டும். கடைசி டெஸ்டுக்கு ஆறு நாள் ஒதுக்கியிருந்தார்கள். ஐந்துக்கு மேல் போகாத கேம்களில் ஒரு நாளுக்கான ஓவரைக் கூட்டிக்கொள்வது ஒரு வழி.

களத்தில் ஆளை நிறுத்துவதையும் கேமிடம் விடாதீர்கள். ஆபித் அலியும் சோல்கரும் புதுப்பந்தின் பளபளப்பைக் கொஞ்சம் தேய்த்துக் கொடுப்பார்கள், பிறகு நாள் முழுக்கச் சுழல்தான். கம்ப்யூட்டருக்கு இது புரியாது. புதுப்பந்தை மிதவேகக்காரர் கையிலேயே வைத்துக்கொண்டிருக்கும். அதனால் பந்துவீச்சு மாற்றத்தை நீங்களே செய்யுங்கள். ஃபார்வர்டு ஷார்ட் லெக்கில் சோல்கரை நிறுத்தி அந்த வியூகத்தைச் சேமித்து வையுங்கள். 27 டெஸ்டில் 53 கேட்ச் பிடித்தவர் அவர். அவருடைய கேட்ச் பிடிக்கும் எண்ணை அந்த கேம் தருகிற உச்சத்துக்கே ஏற்றலாம். யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

எல்லாம் ஏற்றியாயிற்றா? உடனே ஆட உட்காராதீர்கள். தொடரைப் பலமுறை தானாக ஓட விட்டு, இந்தியாவின் முதல் இன்னிங்ஸ் ஸ்கோர்களை ஒரு தாளில் எழுதுங்கள். நிஜத் தொடரில் அவை 387, 352, 376, 347, 360. உங்கள் தாளில் பெரும்பாலும் 300-க்கும் 420-க்கும் இடையில் விழுந்தால் உப்பு சரி. 550 என்று வந்துகொண்டே இருந்தால் களம் தட்டையாகிவிட்டது. 180 என்றால் சுழல் மிஞ்சிவிட்டது.

இவ்வளவு செய்தும், நிஜத்தில் நடந்தது போலவே துரானி அடுத்தடுத்து லாய்டையும் சோபர்ஸையும் வீழ்த்துவார் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. சில கேம்களில் இலக்கு, விக்கெட் எல்லாம் முன்பே எழுதிய காட்சியாக அமைக்கலாம். எனக்கு அதில் விருப்பமில்லை. முடிவைத் திணித்தால் அது ஹோட்டலில் வாங்கி ஈயச் சொம்பில் ஊற்றிய ரசம். சோபர்ஸ் டக் அவுட் ஆகவும் முடிய வேண்டும், 150 அடிக்கவும் முடிய வேண்டும். அந்த இரண்டுக்கும் இடம் கொடுக்கிற அமைப்பே சரியான அமைப்பு. 1971-இல் வாடேகருக்கும் எது நடக்கும் என்று தெரியாது.

ஐந்து டெஸ்டையும் ஒரே மூச்சில் அமைக்கப் போகாதீர்கள். முதலில் மார்ச் 6 அன்று தொடங்கிய இரண்டாவது டெஸ்டை மட்டும் செய்யுங்கள்: குயின்ஸ் பார்க் ஓவல், வறண்ட களம், வெஸ்ட் இண்டீஸ் முதலில் மட்டை. அது சரியாக வந்தால் அதே அணிகளை வைத்து மைதானத்தையும் நாள் கணக்கையும் மாற்றி மற்ற நான்கையும் செய்துவிடலாம். கிங்ஸ்டனுக்கு மட்டும் கவாஸ்கரை வெளியே உட்கார வையுங்கள். அந்த டெஸ்டில் அவர் ஆடவில்லை, விரலில் நகச்சுத்தி.