குசினிக்குப் போகாத துண்டு
(தோலின் கதை – 9)

பொத்துவிலில் கரைவலை இழுக்கிற காக்கா ஒருவரை எனக்குத் தெரியும். பள்ளிவாசலில் எல்லோரும் ஹவுழைச் சுற்றிக் குந்தியிருந்து வுழூ எடுக்கும்போது இவர் மட்டும் பின்பக்கத்துப் பைப்படிக்குப் போவார். இரண்டு முழங்கையிலும் ரூபாய்க் குத்தி அளவில் தொடங்கிய படை, இப்போது உள்ளங்கை அகலத்துக்கு வந்துவிட்டது. மேலே வெள்ளிச் செதில், கீழே சிவப்பு. அவரைப் போகச் சொல்லி யாரும் சொல்லவில்லை. ஒரு நாள் பக்கத்தில் இருந்தவர் சாரத்தைக் கொஞ்சம் ஒதுக்கிக்கொண்டு தள்ளி உட்கார்ந்தாராம். அவ்வளவுதான்.

“தொத்தாது என்டு டொக்டர் சொல்லித்தான் இரிக்காரு தம்பி. அதுக்காக நான் எல்லாருக்கும் கொப்பியக் காட்டிக்கிட்டா திரியேலும்?” என்றார். கொப்பி என்றது கிளினிக் கொப்பியை.

அறுகம்பேயில், உள்ளூர்க்காரர் உல்லை என்று சொல்லும் அந்தக் கரையில், தோணிக்குப் பக்கத்தில் இருந்து பேசிக்கொண்டிருந்தோம். கொளுத்துகிற வெயிலிலும் முழுக்கைச் சட்டை, மணிக்கட்டு வரை பொத்தான். சட்டையைக் கழற்றச் சொல்லிக் கேட்க எனக்குக் கூச்சம். அவரே தோள் பக்கத்தை விலக்கிக் காட்டினார். வலது தோளில் இருந்து முதுகுப் பக்கம் சாய்வாக, அடிமட்டம் வைத்து இழுத்த மாதிரி ஒரு கோடு. படை அந்தக் கோட்டில் மட்டும் வந்திருந்தது. வலைக் கயிறு உரசிய தடம் அது.

இந்தப் படைக்குப் பெயர் சொரியாசிஸ். அதன் குணங்களில் இது ஒன்று: தோல் எங்கே காயப்படுகிறதோ அங்கே புதிதாக முளைக்கும். 19ஆம் நூற்றாண்டில் இதைக் கவனித்து எழுதிய ஜெர்மானியத் தோல் மருத்துவர் ஹைன்ரிஷ் கேப்னரின் பெயரையே இதற்கு வைத்துவிட்டார்கள். மெயின் பொயின்டில் அலைச்சறுக்கப் போய்ப் பாறையில் காலைக் கிழித்துக்கொள்ளும் வெள்ளைக்காரருக்கு அது வெறும் காயம். அவருக்குச் சொரியாசிஸ் இருந்தால், இரண்டொரு கிழமையில் அந்தக் கிழிசலின் வடிவத்திலேயே படை வரலாம்.

போன கிழமை தோலின் வேகத்தைப் பார்த்தோம். மேல்தோலின் அடியில் பிறக்கும் ஒரு செல் முதிர்ந்து மேலே வந்து உதிர ஏறக்குறைய ஒரு மாதம் எடுக்கும். சொரியாசிஸ் படைக்குள் அதே பயணம் மூன்று முதல் ஐந்து நாளில் முடிந்துவிடுகிறது. முதிராத செல்கள் ஒன்றின்மேல் ஒன்று குவிந்து செதிலாகின்றன. எதிர்ப்புச் செல்கள் இன்டர்லூக்கின்-17, இன்டர்லூக்கின்-23 என்று கட்டளைகளை வீசிக்கொண்டே இருக்கின்றன என்பதோடு நிறுத்தியிருந்தோம். அக்கரைப்பற்றில் இருந்து ஒரு வாசகர் கேட்டிருந்தார்: கட்டளை வந்தால் வரட்டும், அதை நிறுத்த ஒரு ஏற்பாடு உடம்பில் இல்லையா?

இருக்கிறது. அந்த ஏற்பாட்டின் ஒரு பகுதிதான் இந்தக் கிழமைக் கதை. பெயர் மைக்ரோ ஆர்.என்.ஏ.

இரவு எட்டு மணிக்கு ஒரு கொத்து ரொட்டிக் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். என்னென்ன சமைக்கலாம் என்ற முழுப் புத்தகமும் முதலாளியின் அலுமாரிக்குள் பூட்டிக் கிடக்கிறது. அதுதான் டி.என்.ஏ. வெயிட்டர் பொடியன் அதில் ஒன்றைத் துண்டில் எழுதிக் குசினிக்குக் கொண்டுபோகிறான். அந்தத் துண்டு தூது ஆர்.என்.ஏ. கொத்து பாஸ் துண்டைப் பார்த்துத் தகரத்தில் தட்டத் தொடங்குகிறார். தட்டில் வருவது புரதம். பள்ளிக்கூடத்தில் நாங்கள் படித்ததும் படிப்பித்ததும் இவ்வளவுதான். வெயிட்டருக்கும் பாஸுக்கும் இடையில் இன்னொருத்தன் நிற்பது அப்போது பாடப்புத்தகத்தில் இல்லை.

அவன் சின்னவன். ஏறக்குறைய 22 எழுத்து நீளம், அவ்வளவுதான். ஆர்கோநோட் என்ற புரதத்தின் கையைப் பிடித்துக்கொண்டு நிற்பான். வருகிற துண்டு ஒவ்வொன்றையும் தடவிப் பார்ப்பான். முழுதாக வாசிக்கமாட்டான், தன்னிடம் உள்ள ஆறு முதல் எட்டு எழுத்துக்குத் துண்டில் ஜோடி கிடைத்தால் போதும், கிழித்துவிடுவான், அல்லது பாஸ் வாசிக்க முடியாதபடி மடித்துப் பிடித்துக்கொள்வான். ஓடர் எடுத்தாயிற்று, சாப்பாடு வராது. ஆறேழு எழுத்துத்தானே, பல துண்டுகளில் பொருந்தும். அதனால் ஒரே மைக்ரோ ஆர்.என்.ஏ. நூற்றுக்கணக்கான கட்டளைகளில் கை வைக்கும்.

இவனை முதலில் பிடித்தவர்கள் அமெரிக்காவில் விக்டர் அம்ப்ரோஸும் கேரி ருவ்கனும். ஆண்டு 1993. பிடித்த இடம் ஒரு மில்லிமீட்டர் நீளப் புழு. புழுவுக்கு ஏதோ கோளாறு, நமக்கென்ன என்று உலகம் ஏழு வருடம் திரும்பிப் பார்க்கவில்லை. 2000இல் ருவ்கன் குழு கண்ட இரண்டாவது மைக்ரோ ஆர்.என்.ஏ. மனிதன் உட்பட விலங்கு உலகம் முழுக்க இருப்பது தெரிந்தபோதுதான் விழித்தது. மனிதரிடம் இன்று ஆயிரத்துக்கும் மேலே எண்ணுகிறார்கள். நொபெல் பரிசு 2024இல் வந்தது.

தோலுக்கு வருவோம். 2007இல் ஸ்வீடனின் கரோலின்ஸ்கா நிறுவனத்தில் எனிக்கோ சோன்கொலியும் அவருடைய கூட்டாளிகளும் சொரியாசிஸ் தோல், எக்ஸிமாத் தோல், சுகமான தோல் மூன்றையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார்கள். சொரியாசிஸ் தோலில் 203 என்று இலக்கமிட்ட மைக்ரோ ஆர்.என்.ஏ. கூடிக் கிடந்தது. மேல்தோல் செல்களுக்கே உரியவன் அவன். அவன் கிழிக்கிற துண்டுகளில் ஒன்று சொக்ஸ்-3 என்ற புரதத்துக்கானது. சொக்ஸ்-3க்கு என்ன வேலை? வெளியில் இருந்து வரும் அழற்சிக் கட்டளைகளை ‘போதும்’ என்று தணிப்பது. தணிக்கிறவனின் துண்டையே கிழித்தாயிற்று. இனி யார் தணிப்பது?

203ஐக் கெட்டவன் என்று முடிவுகட்டிவிடவும் முடியாது. மேல்தோலின் அடியில் பெருகிக்கொண்டிருக்கும் செல், பெருகியது போதும் என்று மேலே ஏறி முதிர்வதற்கு அவன் வேண்டும். நல்ல தோலில் நல்ல வேலைக்காரன்.

21ஆம் இலக்கக்காரனின் கதையும் இதே சாயல்தான். அவனும் சொரியாசிஸில் கூடுகிறான். அவன் கிழிப்பது டிம்ப்-3 என்ற புரதத்தின் துண்டை. டிம்ப்-3 ஒரு பூட்டு. ஆடம்-17 என்ற கத்தரியைப் பூட்டி வைத்திருக்கும். பூட்டு இல்லாவிட்டால் கத்தரி, செல்லின் மேல் ஒட்டியிருக்கும் டி.என்.எஃப். ஆல்ஃபாவை வெட்டி வெளியே விடும். விலை கேட்டால் தலை சுற்றும் ஊசிகள் சில இருக்கின்றனவே, அவற்றில் ஒரு வகை இந்த டி.என்.எஃப்.ஐத்தான் துரத்துகிறது. 2014இல் மட்ரிட் நகரத்து ஆராய்ச்சியாளர்கள் சொரியாசிஸ் நோயாளரின் தோலை எலிகளுக்கு ஒட்டி, 21ஐக் கட்டிப்போடும் மருந்தைச் செலுத்திப் பார்த்தார்கள். படை தணிந்தது.

இதை வாசித்துவிட்டு, கூடியிருக்கிறவனை எல்லாம் பிடித்து அடைத்தால் வருத்தம் மாறிவிடும் என்று நினைக்கத் தோன்றும். எனக்கும் தோன்றியது. அங்கேதான் 146ஏ என்கிறவன் வந்து குழப்புகிறான். படைக்குள் அவனும் கூடித்தான் இருக்கிறான். ஆனால் அவன் இல்லாத எலிகளை வளர்த்துப் பார்த்தபோது படை முந்தி வந்தது, மோசமாகவும் வந்தது. 2017இல் கரோலின்ஸ்காவில் இருந்தே வந்த முடிவு இது. அழற்சி மூட்டும் துண்டுகளைக் கிழிப்பதுதான் அவன் தொழில். சந்தை பற்றி எரியும் இடத்தில் கொளுத்தினவனும் நிற்பான், வாளியோடு ஓடி வந்தவனும் நிற்பான். படத்தில் பார்த்தால் இரண்டு பேரும் ஆள்தான். சொரியாசிஸில் எது கூடுகிறது, எது குறைகிறது என்ற பட்டியல்கள் ஏராளம் வந்துவிட்டன. எவன் கையில் தீக்குச்சி, எவன் கையில் வாளி என்பதை ஒவ்வொருவனாகத்தான் விசாரிக்க வேண்டியிருக்கிறது.

மருந்துக்கடைக்கு இதுவரை எதுவும் வரவில்லை. சொரியாசிஸுக்கு மட்டுமல்ல, எந்த வருத்தத்துக்கும் மைக்ரோ ஆர்.என்.ஏ.யை வைத்துச் செய்த மருந்துக்கு இன்னும் அனுமதி கிடைக்கவில்லை. புற்றுநோய்க்கென்று 34ஏ என்பவனைச் செயற்கையாகச் செய்து மனிதருக்கு ஏற்றிப் பார்த்த ஒரு பரிசோதனையை, எதிர்ப்புச் சக்தி தாறுமாறாக எழும்பியதால் 2016இல் நிறுத்தினார்கள். நூறு துண்டில் கை வைக்கிறவனை ஒரு துண்டுக்காகக் கூப்பிட்டால் மற்றத் தொண்ணூற்றொன்பதும் என்னாகும் என்ற பயம் நியாயமானது.

இதையெல்லாம் அந்தக் கரையில் இருந்து காக்காவுக்குச் சொன்னேனா என்றால், கொத்து ரொட்டி வரைக்கும் சொன்னேன். அவர் தன் கணக்கைச் சொன்னார்.

“வாடைக் காத்துக்கு இது கூடும் தம்பி. மழ, தொழிலும் இல்ல, வீட்டுக்குள்ளதான். கச்சான் அடிக்கிற மாசத்தில கொஞ்சம் அடங்கும். கடலோ வெயிலோ, ஏதோ ஒன்டு செய்யுது.”

கச்சான் மாதங்கள்தான் அறுகம்பேயின் சீசனும். மே தொடங்கி செப்டெம்பர் வரை அலைக்காக வருகிறவர்கள் மணலில் துவாயை விரித்துக் கிடப்பார்கள். சாக்கடல் கரைக்குச் சொரியாசிஸ்காரர்கள் சிகிச்சைக்கென்றே போவதுண்டு. உப்புநீரும் வெயிலும்தான் அங்கே மருந்து. தோல் கிளினிக்குகளில் வெயிலின் ஒரு கீற்றை மட்டும் பிரித்தெடுத்துக் கொடுக்கும் விளக்கு உண்டு. 311 நானோமீட்டர் அலைநீளம், குறுகிய பட்டை யு.வி.பி. என்று பெயர். முதல் நாள் மிகக் குறைந்த அளவில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டுவார்கள்.

இந்த விளக்குச் சிகிச்சைக்கு முன்னும் பின்னும் படையில் இருந்து தோலெடுத்துப் பார்த்தவர்கள் ஸ்வீடனின் உமியோ நகரத்துக்காரர்கள். டிசெம்பரில் பகல் நாலரை மணி நேரம் மட்டும் இருக்கிற ஊர். வெளிச்சத்தின் அருமை அவர்களுக்குத்தானே தெரியும். 2011இல் எழுதினார்கள்: சிகிச்சையோடு 21 இறங்கியது. சொரியாசிஸில் குறைந்துபோகும் 125பி ஏறியது. வெளிச்சம் நேரே அவர்களைப் பிடித்துத் திருத்தியதா, தோல் ஆறியதால் அவர்கள் தாமாக ஒழுங்குக்கு வந்தார்களா என்பதை இந்த ஒரு ஆய்வு பிரித்துச் சொல்லாது. ஆனாலும் காக்காவின் கச்சான் கணக்கை நான் சிரித்துத் தள்ளமாட்டேன்.

“அப்ப நானும் இவனுகள் மாதிரி மத்தியானத்தில கிடக்கட்டா?” என்று துவாய்க்காரர்களைக் காட்டினார். வேண்டாம் என்றேன். எரிந்த தோலும் காயம்தான். கயிறு செய்ததை வெயிலும் செய்யும். எவ்வளவு நேரம், எப்போது என்பதைக் கிளினிக்கில் கேளுங்கள், கொப்பியில் எழுதித் தருவார்கள் என்றேன். பாமசியில் தானாக வாங்கிப் பூசுகிற ஸ்டீரொயிட் களிம்பைப் பற்றியும் கேட்டுக்கொள்ளச் சொன்னேன். அந்தக் களிம்பின் பெயரைச் சொல்ல அவர் விரும்பவில்லை. டியூப்பைச் சாரத்து மடிக்குள் இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளிக்கொண்டார்.

இரண்டு மாதம் கழித்துப் போனபோது காலை வலை ஏறிக்கொண்டிருந்தது. வரிசையில் நாலாவது ஆளாக நின்று இழுத்தார். சட்டைக் கையை முழங்கைக்கு மேல் மடித்துவிட்டிருந்தார். தோளில் கயிறு படும் இடத்தில் பழைய சாரத் துணியை நாலாக மடித்து வைத்திருந்தார். லுகர் நேரம் பள்ளிக்குச் சேர்ந்துதான் போனோம். நான் ஹவுழடியில் குந்தினேன். அவர் பைப்படிக்குப் போனார்.

(அடுத்த கிழமை: வெட்பாலைத் தைலம் வெயிலில் ஊதாவாகும் கதை)