ஊர் மாறினால் குடி மாறுமா?

மும்பையில் திலக் நகரிலிருந்து நடந்து செல்லும் தூரத்தில் உள்ளது லோகமான்ய திலகர் ரயில் முனையம். தமிழ்நாட்டிற்குச் செல்லும் வண்டிகள் சில அங்கிருந்தே புறப்படுகின்றன. குடியில் ஆழ்ந்துவிட்ட ஒருவரை, "ஆறு மாதம் ஊரில் இருந்து வரட்டும்" என்று குடும்பத்தார் அவ்வண்டியில் ஏற்றிவிடுவதுண்டு. ஊரில் அவர் குடியை மறந்தே இருப்பார். திரும்பிய வாரத்திலேயே பழைய கடை வாசலில் நிற்பார். வாக்குத் தவறியவன் என்று வீட்டார் நொந்துகொள்வர். மூளையைப் பற்றிய ஆராய்ச்சியோ வேறொரு விளக்கம் தருகிறது.

1954-இல் ஓல்ட்ஸ், மில்னர் என்னும் விஞ்ஞானிகள் கனடாவில் ஒரு பரிசோதனையை வெளியிட்டனர். எலி ஒரு நெம்புகோலை அழுத்தினால் அதன் மூளையின் ஒரு பகுதியில் மெல்லிய மின்சாரம் பாயும். எலி ஓயாது அழுத்தியது. பெங்களூர் நிம்ஹான்ஸ் நிலையத்தில் தேசிராஜு, ராஜு முதலியோர் இதே முறையில் ஆராய்ந்து, அவ்வனுபவத்தால் நரம்பணுக்களின் கிளைகளே பெருகுவதை 1993-இல் எடுத்துக்காட்டினர். அனுபவம் முடிந்தாலும் அதன் சுவடு மூளையில் தங்குகிறது.

இதில் பங்குகொள்ளும் இரசாயனப் பொருள் டோபமைன். பத்திரிகைகள் அதை 'இன்பச் சுரப்பு' என்கின்றன. மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட எனக்கு அச்சொல் பொருந்துவதாகத் தோன்றவில்லை. ஷுல்ட்ஸ் என்னும் விஞ்ஞானி குரங்குகளுக்குப் பழச்சாறு கொடுத்துப் பார்த்தார். சாறு எதிர்பாராமல் கிடைத்தபோது டோபமைன் அணுக்கள் கிளர்ந்தன. விளக்கு எரிந்தால் சாறு வரும் என்று குரங்கு கற்றுக்கொண்ட பின்னர், அவை சாற்றுக்குக் கிளராமல் விளக்குக்கே கிளர்ந்தன! குடிப்பவருக்குக் கடையின் பெயர்ப்பலகையும், சம்பள நாளின் மாலையும், உடன் குடித்த நண்பரின் குரலுமே அந்த விளக்கு. குடியில் இன்பம் வற்றிய பின்னும் நாட்டம் வற்றுவதில்லை.

வெறுப்புக்கும் மூளையில் இடமுண்டு. ஹபெனுலா என்னும் சிறு பகுதி, எதிர்பார்த்த நன்மை கிட்டாதபோது கிளர்ந்து, டோபமைன் அணுக்களை அடக்குகிறது. நாட்பட்ட குடியில் துயரமும் எரிச்சலும் ஓங்குகின்றன. காலையில் கை நடுங்க எழுபவர் அத்துன்பம் நீங்கவே குடிக்கிறார், மகிழ்ச்சிக்காக அன்று.

வியட்நாமில் ஹெராயினுக்கு அடிமையாகி 1971-இல் தாயகம் திரும்பிய அமெரிக்கப் படைவீரர்களை லீ ராபின்ஸ் என்னும் அம்மையார் ஆராய்ந்தார். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் முதலாண்டில் மீண்டும் அடிமையாகவில்லை. பழைய சூழலை விட்டு வந்தது அதற்குக் காரணங்களுள் ஒன்று. நம்மவரோ விளக்கு எரியும் இடத்திற்கே திரும்பி வருகிறார்.

ஊருக்கு அனுப்புவதிலும் ஓர் ஆபத்து உண்டு. நாள்தோறும் மிகுதியாகக் குடிப்பவர் திடீரென நிறுத்தினால், முதல் இரண்டு மூன்று நாட்களில் வலிப்பும் சித்தக்கலக்கமும் நேர்ந்து உயிருக்கே கேடாகலாம். நெடுந்தூர ரயிற்பெட்டி அதற்குரிய இடமன்று. முதலில் மருத்துவரிடம் காட்டுதல் வேண்டும். சயான் மாநகராட்சி மருத்துவமனையில் மனநோய்ப் பிரிவு உண்டு. பிரவுன் சுகர் பழகியவர்க்கு ஆபத்து திரும்பி வரும்போது: சில மாத இடைவெளியில் உடலின் தாங்கும் ஆற்றல் குறைந்துவிடுவதால், பழைய அளவே உயிரைப் பறித்துவிடும்.

திரும்பி வருபவர் எவ்வழியாக வேலைக்குச் செல்வது, சம்பளத்தை யார் வாங்கி வைப்பது, மாலைப்பொழுதை யாருடன் கழிப்பது என்பவற்றை அவர் வருமுன்பே வீட்டார் கூடிப் பேசி வைத்தல் நலம். சென்னையில் 1980-இல் சாந்தி ரங்கநாதன் தொடங்கிய டி.டி.கே. நிலையம் நோயாளியோடு குடும்பத்தாரையும் சிகிச்சையில் சேர்த்துக்கொள்கிறது. எனினும் 2019-இல் வெளியான மத்திய அரசின் ஆய்வறிக்கையின்படி, மதுவுக்கு அடிமையானோருள் 38 பேருக்கு ஒருவரே ஏதேனும் ஒரு சிகிச்சை பெற்றிருந்தார்.