தொண்டை வலியில் தொடங்கும் வால்வு கதை!

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையம் பக்கம் போனால், கோர்வைப் புடவை நெய்வதை ஒருதரம் நின்று பாருங்கள். உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம். மூன்று நாடா ஓடும். தனி ஆளால் ஆகாது. எதிர்ப்பக்கக் கரைக்கு இன்னொருவர் உட்கார வேண்டும். இரண்டு நிறமும் சேருகிற இடம் தளர்ந்தால் புடவையே வீண்!

மருத்துவத்தில் இப்படி ஒரு கோர்வை வேலை செய்தவர் டாக்டர் எம்.எஸ்.வலியத்தான். இதய அறுவை சிகிச்சை நிபுணர். திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரைத் திருநாள் மருத்துவ நிலையத்தின் முதல் இயக்குநர். 2024 ஜூலையில் மறைந்தார். ஆராய்ச்சிக்கூடம், ஆபரேஷன் தியேட்டர், தொழிற்சாலை... இந்த மூன்று நாடாவையும் ஒரே தறியில் ஓட்டிக் காட்டியவர் அவர்.

அதற்கும் உங்கள் வீட்டுக் குழந்தையின் தொண்டை வலிக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? இருக்கிறது.

ஐந்து முதல் பதினைந்து வயதுப் பிள்ளைகளுக்கு 'ஸ்ட்ரெப்டோகாக்கஸ்' என்ற கிருமியால் தொண்டையில் புண் வரும். இரண்டு நாள் கஷாயம் கொடுப்போம். வலி போய்விடும், மறந்துவிடுவோம். சில பிள்ளைகளுக்கு இரண்டு, மூன்று வாரம் கழித்துக் காய்ச்சல் வரும். முழங்கால் வீங்கும், அது வடிந்தால் கணுக்கால், அப்புறம் முழங்கை என்று வலி இடம் மாறும். இதுதான் ருமாட்டிக் காய்ச்சல். மூட்டு சரியாகிவிடும், ஆனால் இதய வால்வை அது கெடுத்துவிட்டுப் போகலாம். நெருக்கமான வீடுகளில் கிருமி சுலபமாகப் பரவும். அதனால் ஏழைப் பிள்ளைகளுக்குத்தான் ஆபத்து அதிகம்.

கெட்டுப்போன வால்வை மாற்ற அந்தக் காலத்தில் வெளிநாட்டு வால்வுதான். விலையைக் கேட்டாலே நெஞ்சு அடைக்கும். 'நாமே செய்வோம்' என்று இறங்கினார் வலியத்தான். திருவிதாங்கூர் அரச குடும்பம் கொடுத்த பூஜப்புரை அரண்மனையில் ஆராய்ச்சி நடந்தது.

லேசில் வந்துவிடவில்லை. இதயம் ஒரு நாளைக்குச் சுமார் ஒரு லட்சம் தடவை துடிக்கிறது. வால்வும் அத்தனை தடவை திறந்து மூட வேண்டுமே! முதல் மாடலில் டைட்டானியக் கம்பி உடைந்தது. அடுத்ததில் தேய்மானம். மூன்றாவது மாடலைச் செம்மறியாட்டுக்கு வைத்தார்கள். செயற்கை நீலக்கல்லால் செய்த தட்டு உடைந்து ஆடு செத்தது. ஆட்டோடு போயிற்றே என்று நினைத்துப் பாருங்கள். சோதிக்காமல் மனிதருக்கு வைத்திருந்தால்? நான்காவதில் உறுதியான உலோகக் கூடு, அதற்குள் மிகக் கெட்டியான பாலிஎதிலீன் தட்டு. சுற்றிலும் பாலியஸ்டர் துணி வளையம். அதில் தையல் போட்டுத்தான் வால்வை இதயத்தோடு இணைப்பார்கள். 1990 டிசம்பரில் முதல் நோயாளிக்குப் பொருத்தினார்கள்.

ஆராய்ச்சிக்கூடத்தில் ஒன்று செய்வது வேறு, ஆயிரக்கணக்கில் பிசகில்லாமல் செய்வது வேறு. அந்தப் பொறுப்பை ஏற்றது சென்னையின் டி.டி.கே. குழுமம். ஆமாம், உங்கள் சமையலறையில் விசில் அடிக்கிற பிரெஸ்டீஜ் குக்கர்காரர்கள்தான்! இதுவரை ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு இந்த வால்வு பொருத்தப்பட்டிருக்கிறது.

வால்வு வந்துவிட்டதே என்று அலட்சியம் வேண்டாம். காய்ச்சலோடு தொண்டை வலி வந்தால் டாக்டரிடம் காட்டுங்கள். அவர் மாத்திரை கொடுத்தால் நடுவில் நிறுத்தாதீர்கள். ருமாட்டிக் காய்ச்சல் ஒருமுறை வந்துவிட்டால், மூன்று அல்லது நான்கு வாரத்துக்கு ஒருமுறை பென்சிலின் ஊசி பல வருஷம் போட வேண்டியிருக்கும். 'பிள்ளை நன்றாகத்தானே ஓடுகிறான்' என்று விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம்.

உலோக வால்வு வைத்துக்கொண்டவர்கள் ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரையை ஆயுள் முழுக்கச் சாப்பிட வேண்டும். டாக்டர் சொன்ன தேதியில் ரத்தப் பரிசோதனை கட்டாயம். கீரையைத் திடீரென்று அதிகமாகச் சாப்பிடுவதோ, அடியோடு நிறுத்துவதோ கூடாது. பல் பிடுங்கப் போனால் முதலில் வால்வைப் பற்றிச் சொல்லுங்கள். கர்ப்பம் தரிக்க விரும்பும் பெண்கள், அதற்கு முன்பே இதய டாக்டரைப் பார்த்துவிடுங்கள். இந்த மாத்திரையில் சில வகை கருவைப் பாதிக்கும்.