நீலப் புகைவிட்ட ராஜ வாகனம்

ஒரகடம் பக்கம் வேலைபார்க்கும் வாசகர் ஒருவர் கடிதம் எழுதியிருக்கிறார். தினமும் டெய்ம்லர் லாரித் தொழிற்சாலையைத் தாண்டித்தான் போகிறாராம். அது ஜெர்மன் கம்பெனி என்பது ஊரறிந்த விஷயம். ஆனால் பழைய செய்திப்படம் ஒன்றில் இங்கிலாந்து ராஜா டெய்ம்லர் காரில் வந்து இறங்குகிறார். “வெள்ளைக்காரன் தன் ராஜாவை எதிரி நாட்டுக் காரிலா ஏற்றினான்?” என்று கேட்கிறார்.

இல்லை. அது கோவென்ட்ரி நகரில் செய்த அசல் பிரிட்டிஷ் கார். மூலவர் ஒருவர்தான், ஜெர்மனியின் காட்லீப் டெய்ம்லர். அவருடைய இன்ஜினை பிரிட்டனில் செய்து விற்கும் உரிமையை பிரெடெரிக் சிம்ஸ் என்பவர் வாங்கி, 1893இல் லண்டனில் ஒரு சிறு நிறுவனம் வைத்தார். படகுகளில் இன்ஜின் மாட்டிக்கொடுப்பதுதான் முதல் வியாபாரம். அவரிடமிருந்து ஹாரி லாசன் என்ற கம்பெனி வியாபாரிக்கு உரிமை கைமாறி, 1896 ஜனவரியில் டெய்ம்லர் மோட்டார் கம்பெனி பதிவானது. லாசன் பின்னாளில் வேறொரு மோசடி வழக்கில் கடுங்காவல் தண்டனை அனுபவித்தவர். அவர் காலத்துப் பங்குதாரர்களைப் பற்றித் தனியாக எழுதலாம், இப்போது வேண்டாம்.

பெயர்க் குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது. ஜெர்மன் கம்பெனி தன் கார்களுக்கு மெர்சிடீஸ் என்று பெயர் வைத்துக்கொண்டு போய்விட்டது. அதனால் இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் டெய்ம்லர் கார் என்றால் பெரும்பாலும் பிரிட்டிஷ் கார்தான். அந்தக் கம்பெனியை 1960இல் ஜாகுவார் வாங்கியது. ஜாகுவாரைப் பிறகு ஃபோர்டு வாங்கியது. ஃபோர்டிடமிருந்து 2008இல் டாடா வாங்கியபோது, டெய்ம்லர் என்ற பிரிட்டிஷ் கார்ப் பெயரும் கூடவே டாடாவிடம் வந்தது. ஒரகடத்து டெய்ம்லருடன் சந்தையில் மல்லுக்கு நிற்கும் லாரிக்காரரின் பெட்டியில் இன்னொரு டெய்ம்லர் தூங்குகிறது. ஜெர்மன்காரர்கள் 2007இல் கிறைஸ்லரைப் பிரிந்து, நிறுவனத்துக்கு டெய்ம்லர் என்றே பெயர் சூட்டிக்கொள்ளும்போது, அதைத் தாராளமாகப் பயன்படுத்த ஃபோர்டிடம் ஒப்பந்தம் போடவேண்டியிருந்தது.

வாசகரின் கேள்வி முடிந்துவிட்டது. ஆனால் டெய்ம்லர் பேச்சை எடுத்துவிட்டு அதன் இன்ஜினைச் சொல்லாமல் விட எனக்கு மனம் வராது.

ஏழாம் எட்வர்டு இளவரசராக இருந்தபோதே, 1900இல், டெய்ம்லர் வாங்கினார். 1902இல் அரண்மனை வாகனம் என்ற அதிகாரபூர்வ அந்தஸ்து கிடைத்தது. ரேடியேட்டரின் மேல்விளிம்பில் வரிவரியாகப் பள்ளம் இருந்தால் அது டெய்ம்லர். தண்ணீரைக் குளிரவைக்க வைத்த பழைய உலோக விசிறிகளின் மிச்சம் அது. தேவை போன பிறகும் அழகுக்காக நின்றுவிட்டது. அரண்மனை வாடிக்கை, வரி போட்ட ரேடியேட்டர், பணக்காரர்களின் மரியாதை எல்லாம் இருந்தன. இல்லாதது அமைதி. 1907இல் ரோல்ஸ் ராய்ஸின் சில்வர் கோஸ்ட் சத்தமில்லாமல் ஓடி ஊரெல்லாம் பேர் வாங்கிக்கொண்டிருந்தது. ராஜா வரும் வண்டி தகரக்கடை போலக் கடகடத்தால் யாருக்குப் பொறுக்கும்?

நான்கு ஸ்ட்ரோக் இன்ஜின் எப்படி ஓடுகிறது என்பதைப் பள்ளியில் படித்திருப்பீர்கள், அதை விட்டுவிடுகிறேன். சத்தம் எங்கிருந்து வருகிறது என்று மட்டும் பார்ப்போம். தட்டையான தலையும் நீண்ட காம்பும் கொண்ட வால்வை கேம் தள்ளித் திறக்கிறது, ஸ்பிரிங் இழுத்து மூடுகிறது. நிமிடத்துக்கு நூற்றுக்கணக்கான முறை உலோகத்தின்மேல் உலோகம் அடிக்கிறது. சூட்டில் உலோகம் நீளும் என்பதால் கேமுக்கும் வால்வுக்கும் இடையில் மயிரிழை இடைவெளி விட்டாக வேண்டும். அந்த இடைவெளியில் பிறப்பதுதான் நம் மெக்கானிக்குகள் சொல்லும் டேப்பட் சத்தம். நூறு ஆண்டுக்கு முந்தைய ஸ்பிரிங்கும் எஃகும் எவ்வளவு மட்டம் என்று சேர்த்து யோசித்தால் அந்தக் காலத்துக் கார்கள் போட்ட கூச்சல் புரியும்.

இந்தக் கூச்சல் அமெரிக்காவில் ஒருவரை எரிச்சல்படுத்தியது. சார்லஸ் நைட் என்பவர் பால்பண்ணைத் தொழில் பற்றிப் பத்திரிகை நடத்தியவர். பண்ணை பண்ணையாகச் சுற்றிச் செய்தி சேகரிக்க ஒரு கார் வைத்திருந்தார். அதன் வால்வுச் சத்தம் தாங்காமல், வால்வே இல்லாத இன்ஜின் செய்வேன் என்று கிளம்பினார். பத்திரிகைக்காரன் எரிச்சலில் தலையங்கம் எழுதுவான், இவர் இன்ஜின் எழுதினார். 1906இல் சிகாகோ கார் கண்காட்சியில் வைத்தார். சொந்த நாட்டில் பெரிதாக யாரும் சீந்தவில்லை. கடல் கடந்து வந்தபோது டெய்ம்லர் பிடித்துக்கொண்டது. மேதை என்று சொல்லத்தக்க பொறியாளர் பிரெடெரிக் லான்செஸ்டரின் யோசனைகளையும் சேர்த்துச் செப்பனிட்டு, 1908இல் அறிவித்தது. பழைய வால்வு இன்ஜின்களை ஓரம்கட்டிவிட்டு முழுக்க இதற்கே மாறியது. இவ்வளவு பெரிய கம்பெனி இவ்வளவு துணிந்தது எனக்கு இன்றும் ஆச்சரியம்தான்.

அது எப்படி வேலைசெய்கிறது? எங்கள் வீட்டில் இருந்த பழைய பவுடர் டப்பாவின் மூடியை நினைத்துக்கொள்கிறேன். மூடியில் ஓட்டைகள், அதன் அடியில் இருக்கும் தகட்டிலும் ஓட்டைகள். திருகினால் ஓட்டைக்கு நேராக ஓட்டை வந்து பவுடர் கொட்டும். இன்னும் கொஞ்சம் திருகினால் அடைத்துக்கொள்ளும். எதுவும் எதன்மேலும் அடிப்பதில்லை, ஒன்றின்மேல் ஒன்று வழுக்குகிறது, அவ்வளவுதான்.

நைட் இன்ஜினில் சிலிண்டருக்குள் நேரடியாக பிஸ்டன் இருக்காது. நடுவில் மெல்லிய வார்ப்பிரும்புக் குழாய்கள் இரண்டு, ஒன்றுக்குள் ஒன்றாக நிற்கும். இவற்றை ஸ்லீவ் என்பார்கள். உள் ஸ்லீவுக்குள்ளேதான் பிஸ்டன் ஏறி இறங்கும். இரண்டு ஸ்லீவிலும் மேல்பக்கம் நீளவாக்கில் வெட்டிய திறப்புகள் உண்டு. ஒரு பக்கத் திறப்பு காற்றும் பெட்ரோலும் கலந்து உள்ளே வர, எதிர்ப்பக்கத் திறப்பு எரிந்த புகை வெளியே போக. கீழே கிராங்க் ஷாஃப்டின் பாதி வேகத்தில் சுற்றும் ஒரு தண்டு, குட்டி கனெக்டிங் ராடுகள் மூலம் இரண்டு ஸ்லீவையும் மேலும் கீழும் அசைக்கும். அசைவு அதிகமில்லை, சுமார் ஓர் அங்குலம்தான். இரண்டும் ஒரே தாளத்தில் அசையாமல் கொஞ்சம் முன்பின்னாக அசையும்படி அமைத்திருப்பதில்தான் சூட்சுமம். உறிஞ்சும் நேரத்தில் இரண்டின் இடப்பக்கத் திறப்பும் சிலிண்டர் சுவரின் திறப்புக்கு நேராக வந்து நிற்கும். அழுத்தும்போதும் வெடிக்கும்போதும் எதுவும் எதனோடும் நேராகாது. பிறகு வலப்பக்கம் நேராகும். ஸ்பிரிங் இல்லை, டேப்பட் இல்லை, வால்வு கிரைண்டிங் என்று ஹெட்டை இறக்கும் தொல்லையும் இல்லை. சாதாரண இன்ஜினைக் கெடுக்கும் கரி இதில் ஸ்லீவின் இடைவெளியை அடைத்து இன்னும் நன்றாக மூட உதவியதாகவும் சொல்வார்கள்.

போட்டியாளர்கள் நம்பவில்லை. இத்தனை உரசலில் ஸ்லீவ் தேய்ந்துவிடும் என்றார்கள். 1909இல் ராயல் ஆட்டோமொபைல் கிளப் மேற்பார்வையில் டெய்ம்லர் இரண்டு இன்ஜின்களைச் சோதனைக்கு வைத்தது. ஐந்து நாளுக்கு மேல் இரவும் பகலும் முழுச் சுமையில் ஓடின. பிறகு அதே இன்ஜின்களைக் காரில் மாட்டி புரூக்லண்ட்ஸ் பந்தயத் தடத்தில் சுமார் 2000 மைல் ஓட்டினார்கள். திரும்பவும் மேடையில் ஏற்றி ஓடவிட்டு, பிரித்துப் பார்த்தார்கள். சொல்லும்படியான தேய்மானம் இல்லை. அந்த ஆண்டின் டியூவர் கோப்பை டெய்ம்லருக்குக் கிடைத்தது. பனார், மினர்வா, வாசான் ஆகிய கார்க் கம்பெனிகள், ஏன் மெர்சிடீஸ்கூட உரிமம் வாங்கி இதைச் செய்தன.

காருக்குள் அமைதி வேண்டும் என்பதற்காக ஒரு மனிதன் இன்ஜினையே மாற்றி அமைத்த கதை இது. இன்று நம் ஊரில் கண்ணாடிக்கும் கதவுக்கும் ரப்பர் அடைத்து, உள்ளே ஊசி விழும் சத்தம் கேட்கும் கார்களைப் பல லட்சம் கொடுத்து வாங்குகிறார்கள். வாங்கிய மறுநாள், சிக்னலில் பச்சை விழுந்த நொடியில், பின்னாலிருந்து அலற வைக்கிறார்களே ஹார்ன்! தனக்கு மட்டும் அமைதி, தெருவுக்கு இரைச்சல். டெய்ம்லரின் அமைதி தெருவில் நிற்பவருக்கும் சேர்த்துக் கிடைத்தது என்பதை இவர்களிடம் யாராவது எடுத்துச்சொன்னால் தேவலை.

ஆனால் தெருவில் நின்றவருக்கு வேறொன்றும் சேர்ந்து கிடைத்தது. நம் ஊரில் சைலன்சரில் நீலப் புகை வந்தால் ‘ரிங் போச்சு, ஆயில் குடிக்குது’ என்போம். டெய்ம்லர் புத்தம்புதிதாகவே ஆயில் குடித்தது. இரண்டு ஸ்லீவ், நாலு உரசும் பரப்பு. எல்லாவற்றுக்கும் ஆயில் போக வேண்டும். அதில் ஒரு பங்கு கசிந்து எரிந்தே தீரும். ராஜ ஊர்வலம் போன பிறகும் கொஞ்ச நேரம் தெருவில் மெல்லிய நீல மூட்டம் நிற்கும். குளிர்காலக் காலையில் ஆயில் கெட்டியாகி, ஸ்லீவ்கள் பிடித்துக்கொண்டு, இன்ஜினைச் சுற்றிக் கிளப்புவதற்குள் டிரைவரின் தோள் கழன்றுவிடும்.

ராஜாவுக்குப் புகை பெருமை. சிப்பாய்க்கு அதுவே வினை. 1916 செப்டம்பர் 15 அன்று சோம் போர்க்களத்தில் உலகின் முதல் டாங்கிகள் இறங்கின. அந்த மார்க் 1 டாங்கிகளுக்குள் இருந்தது 105 குதிரைத்திறன் டெய்ம்லர் ஸ்லீவ் இன்ஜின். எட்டுப் பேர் உட்கார்ந்த இரும்புப் பெட்டியின் நடுவில், மறைப்பு ஏதும் இல்லாமல், சுடச்சுட. மறைந்து நிற்கும் டாங்கியை அதன் புகையே காட்டிக்கொடுக்கும். இந்தக் குறையைத் தீர்க்க ஹாரி ரிகார்டோ என்ற இளம் பொறியாளரை அழைத்தார்கள். அவர் வழக்கமான வால்வு வைத்து, புகையாத புது இன்ஜின் வடிவமைத்தார். மார்க் 5 டாங்கிகள் அதில் ஓடின. ரிகார்டோ பெயரை நினைவில் வையுங்கள்.

போருக்குப் பின்னும் டெய்ம்லர் ஸ்லீவை விடவில்லை. 1926இல் டபுள் சிக்ஸ் என்று பன்னிரண்டு சிலிண்டர், ஏழு லிட்டருக்கு மேற்பட்ட பிரம்மாண்டம் ஒன்றைச் செய்தது. ஐந்தாம் ஜார்ஜின் அரண்மனைக்கும் அது போனது. அதற்குள் சாதாரண வால்வு வளர்ந்துவிட்டது. நல்ல எஃகு, நல்ல ஸ்பிரிங், நல்ல கேம் வடிவம். அதிக வேகத்தில் சுற்ற ஸ்லீவ் இன்ஜினால் முடியவில்லை, சாதாரண இன்ஜின் சுற்றியது. 1930களின் நடுப்பகுதியில் டெய்ம்லரும் சத்தமில்லாமல் வால்வுக்குத் திரும்பிவிட்டது. அதன்பின் டெய்ம்லரின் பேர் என்பது பழைய பேர்தான் என்பது என் அபிப்பிராயம். 1930இல் கொண்டுவந்த, ஆயிலைக்கொண்டு இன்ஜினின் விசையைக் கடத்தும் ஃபுளூயிட் ஃபிளைவீல் மட்டும் விதிவிலக்கு.

பேரை மட்டும் வைத்துக்கொண்டு பிழைப்பவர்கள் செய்வதை டெய்ம்லரும் செய்தது. தாய்க் கம்பெனியான பிஎஸ்ஏயின் தலைவர் சர் பெர்னார்டு டாக்கரின் மனைவி நோரா, 1951 கண்காட்சிக்கு ஒரு கார் செய்யவைத்தார். குரோமியம் வரவேண்டிய இடத்திலெல்லாம் தங்க முலாம், பக்கவாட்டில் ஏழாயிரம் குட்டித் தங்க நட்சத்திரங்கள். 1955 காருக்கு இருக்கையெல்லாம் வரிக்குதிரைத் தோல். தங்கக் கார் வந்தபோது போரின் பஞ்சம் தீராமல் ரேஷனில் சாப்பிட்டுக்கொண்டிருந்த நாட்டில்! 1956இல் டாக்கரைக் கம்பெனி வெளியேற்றியது. அதற்கு முன்பே, 1950இல், இளவரசி எலிசபெத் ரோல்ஸ் ராய்ஸ் ஃபேன்டம் வாங்கிவிட்டார், அரை நூற்றாண்டு வாடிக்கை அரண்மனைப் படியிறங்கியது. ஜாகுவார் வாங்கியதே டெய்ம்லரின் தொழிற்சாலை இடத்துக்காகத்தான். பிறகு வந்த டெய்ம்லர்களில் பல, வரி போட்ட கிரில் ஒட்டிய ஜாகுவார்கள். 1968 முதல் 1992 வரை செய்த நீண்ட லிமோசின் ஒன்று மட்டும் அரண்மனைக்கும் மரண ஊர்வலங்களுக்கும் ஒன்றுபோல உழைத்தது. 2009க்குப் பிறகு அந்தப் பெயரில் கார் வரவில்லை.

நம் ஊர்ப் பழைய கார் அணிவகுப்புகளிலும் இந்த வியாதியைப் பார்க்கிறேன். வெளியே பளபளவென்று பாலிஷ். பானெட்டைத் திறந்தால் ஜீப்பிலிருந்து பிடுங்கிய டீசல் இன்ஜின். உரிமையாளரைக் கேட்டால், “ஓடுதுல்ல சார்?” என்கிறார். ஓடுகிறது. ஸ்பேர் கிடைக்காதவர் வேறென்ன செய்வார் என்பதும் நியாயம்தான். அந்த அசல் இன்ஜின் எங்கே என்று கேட்டேன். “எடைக்குப் போட்டாச்சு.” எடைக்குப் போட்டதில் ஒரு ஸ்லீவ் இன்ஜினாவது இருந்திருக்குமோ என்ற நினைப்புதான் என்னை வாட்டுகிறது.

ரிகார்டோவுக்கு வருவோம். டாங்கியிலிருந்து ஸ்லீவை விரட்டிய அதே மனிதர், 1920களில் விமான இன்ஜினுக்கு ஸ்லீவ்தான் சரி என்று வாதாடினார். அவர் பிடித்தது நைட்டின் இரட்டை ஸ்லீவ் இல்லை, பர்ட், மெக்காலம் என்ற இருவர் கண்டுபிடித்த ஒற்றை ஸ்லீவ். அது மேலும் கீழும் அசைவதோடு பக்கவாட்டிலும் திருகும். உரசல் பாதி, ஆயில் செலவும் குறைவு. பிரிஸ்டல் கம்பெனியின் ராய் ஃபெடன் ஆண்டுக்கணக்காகப் போராடி அதைத் தொழிற்சாலைப் பொருளாக்கினார். இரண்டாம் உலகப் போரில் ஆயிரக்கணக்கான ஹெர்குலிஸ் இன்ஜின்கள் இப்படிப் பறந்தன. சுதந்திரம் வந்த கையோடு காஷ்மீரில் போர் மூண்டபோது, 1947-48இல், நம் விமானப்படை ஓட்டிய டெம்பெஸ்ட் விமானங்களில் இருந்தது பிரிஸ்டல் சென்டாரஸ். பதினெட்டு சிலிண்டர், இரண்டாயிரத்து ஐந்நூறு குதிரைத்திறன் அளவு, ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் ஒரு ஸ்லீவ், பவுடர் டப்பா மூடியைப் போலவே திருகித் திறந்து, திருகி மூடிக்கொண்டு.