மூச்சை எண்ணும் கிராமத் தொண்டர்கள்

இரண்டு வயதுக் குழந்தை ஒன்றுக்கு உடம்பு அனலாய்க் கொதிக்கிறது. இருமல் விடவில்லை. மூச்சும் வேகமாக வாங்குகிறது. இது மலேரியாவா, நிமோனியாவா?

நம் ஊரில் என்றால் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கிளினிக்குக்கு ஓடுவோம். இரத்தப் பரிசோதனை, எக்ஸ்ரே என்று எடுத்துப் பார்த்துவிடலாம். ஆப்பிரிக்காவின் ஸாம்பியா நாட்டில் பல கிராமத்துத் தாய்மார்களுக்கு அந்த வசதி இல்லை. குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு பல கிலோமீட்டர் நடந்தால்தான் சுகாதார நிலையம் வரும். மழைக்காலத்தில் பாதை சேறாகிவிடும். கொசுவும் மலேரியாவும் பெருகுவது அந்த மழைக்காலத்தில்தான்.

இரு நோய், ஒரே தோற்றம்

மலேரியாவை உண்டாக்குவது பிளாஸ்மோடியம் என்னும் ஒட்டுண்ணி. பெண் அனோபிலிஸ் கொசு கடிக்கும்போது அது உடலுக்குள் நுழைகிறது. பின்னர் சிவப்பணுக்களுக்குள் பெருகி, அவற்றை உடைத்துக்கொண்டு வெளியே வருகிறது. அப்போதுதான் காய்ச்சல் அடிக்கிறது. சிவப்பணுக்கள் குறைவதால் இரத்தச்சோகையும் வரும்.

நிமோனியா நுரையீரலைத் தாக்கும் நோய். பாக்டீரியா அல்லது வைரஸ் தொற்றினால் நுரையீரலின் காற்று நுண்ணறைகளில் சீழும் நீரும் தேங்குகின்றன. உயிர்வாயு இரத்தத்தில் கலப்பது குறைகிறது. அதை ஈடுகட்ட உடல் மூச்சை வேகப்படுத்துகிறது.

கடுமையான மலேரியாவிலும் மூச்சு வாங்கும். நிமோனியாவிலும் காய்ச்சல் அடிக்கும். அதனால் வெளித்தோற்றத்தை மட்டும் வைத்துப் பிரித்தறிவது கடினம். மலேரியா மிகுந்த பகுதிகளில் காய்ச்சல் என்றாலே மலேரியா மருந்து கொடுக்கும் வழக்கம் நெடுங்காலம் இருந்தது. குழந்தைக்கு வந்திருப்பது நிமோனியா என்றால் அந்த மருந்தால் பயன் இல்லை. பொன்னான நேரம்தான் வீணாகும்.

பையில் இரண்டு கருவிகள்

இதற்கு ஒரு வழி, அந்தந்தக் கிராமத்தைச் சேர்ந்தவர்களையே சுகாதாரத் தொண்டர்களாகப் பயிற்றுவிப்பது. இவர்கள் மருத்துவர்களும் அல்லர், தாதியரும் அல்லர். இவர்களுடைய பையில் முக்கியமான இரண்டு கருவிகள் இருக்கும்.

முதலாவது, மலேரியா விரைவுப் பரிசோதனைக் கருவி. கோவிட் காலத்தில் வீட்டில் பயன்படுத்திய சோதனைக் கருவி நினைவிருக்கிறதா? இதுவும் அதே தத்துவத்தில்தான் இயங்குகிறது. விரல் நுனியிலிருந்து ஒரு சொட்டு இரத்தம் போதும். இரத்தத்தில் ஒட்டுண்ணியின் புரதம் இருந்தால், பட்டையில் உள்ள எதிர்ப்பொருள் அதைப் பிடித்துக்கொள்ளும், நிறக்கோடு தெரியும். சுமார் 15 முதல் 20 நிமிடங்களில் விடை கிடைத்துவிடும்.

இரண்டாவது, ஒரு நிமிடத்தை அளந்து காட்டும் கடிகாரம். தொண்டர் குழந்தையின் சட்டையை விலக்கி, மார்பு எத்தனை முறை எழுந்து தாழ்கிறது என்று எண்ணுவார். 2 முதல் 11 மாதக் குழந்தைக்கு நிமிடத்திற்கு 50 அல்லது அதற்கு மேல், 1 முதல் 5 வயதுக்குட்பட்ட குழந்தைக்கு 40 அல்லது அதற்கு மேல் இருந்தால் அது வேகமான மூச்சு. இவை உலகச் சுகாதார நிறுவனம் வகுத்த அளவுகள். இருமலோ மூச்சுத் திணறலோ உள்ள குழந்தைக்கு இப்படி மூச்சும் வேகமாக இருந்தால், நிமோனியா என்று கருதி அமோக்ஸிசிலின் கொடுக்கப்படும்.

சிக்கன்காட்டாவில் ஓர் ஆய்வு

இம்முறை பலன் தருமா? ஸாம்பியாவின் சிக்கன்காட்டா பகுதியில் 2007 டிசம்பர் முதல் 2008 நவம்பர் வரை ஆய்வு நடத்திப் பார்த்தார்கள். அறிவியல் பாடத்தில் மாறிகளைப் பற்றிப் படித்திருப்பீர்களே, அதே முறைதான். தொண்டர்களை இரு குழுக்களாகப் பிரித்தார்கள். முதல் குழுவினர் மலேரியாவைச் சோதித்து, உறுதியானால் மட்டும் அதற்குரிய மருந்தைக் கொடுத்தார்கள். நிமோனியாவுக்கு அமோக்ஸிசிலினும் கொடுத்தார்கள். இரண்டாம் குழுவினர் பழைய வழக்கப்படி, காய்ச்சல் கண்ட எல்லாருக்கும் மலேரியா மருந்து கொடுத்தார்கள். நிமோனியா அறிகுறி தெரிந்தால் சுகாதார நிலையத்துக்குப் போகச் சொன்னார்கள்.

மொத்தம் 3,125 குழந்தைகள். இரண்டாம் குழுவில் காய்ச்சல் கண்ட குழந்தைகளில் 99.1 விழுக்காட்டினருக்கு மலேரியா மருந்து கிடைத்தது. முதல் குழுவில் 27.5 விழுக்காட்டினருக்கே அது தேவைப்பட்டது. நிமோனியா கண்ட குழந்தைகளில் உரிய மருந்தை உரிய காலத்தில் பெற்றவர்கள் முதல் குழுவில் 68.2 விழுக்காடு, இரண்டாம் குழுவில் வெறும் 13.3 விழுக்காடு. 'போய்ப் பாருங்கள்' என்று அனுப்புவதற்கும் கையில் மருந்து கொடுப்பதற்கும் உள்ள இடைவெளி இதுதான்.

ஆனால், இம்முறை இறப்பைக் குறைத்ததா என்பதை இந்த ஆய்வைக் கொண்டு சொல்ல இயலாது. இரு குழுக்களிலும் சேர்த்து மூன்று குழந்தைகளே இறந்தனர். ஒப்பிட அந்த எண்ணிக்கை போதாது.

இரண்டு மருந்தையும் கொடுத்துவிட்டால் என்ன?

சோதனை எதற்கு, எல்லாருக்கும் இரண்டு மருந்தையும் கொடுத்துவிடலாமே என்று நீங்கள் கேட்கலாம். தேவையில்லாமல் மருந்தைப் பயன்படுத்தினால் கிருமிகள் அதைத் தாங்கும் ஆற்றலைப் பெற்றுவிடும். நம் வட்டாரத்தில், கம்போடியாவின் மேற்குப் பகுதியில், ஆர்ட்டிமிசினின் என்ற மலேரியா மருந்துக்கு ஒட்டுண்ணிகள் எளிதில் மடியாத நிலை ஏற்கெனவே கண்டறியப்பட்டது.

இந்தத் திட்டத்துக்கும் எல்லைகள் உண்டு. மூச்சு வேகமாக இருப்பதெல்லாம் நிமோனியா ஆகாது. ஆஸ்துமாவிலும் மூச்சு வாங்கும். குழந்தைக்கு வலிப்பு வந்தாலோ, பால் குடிக்க முடியாவிட்டாலோ, மூச்சை இழுக்கும்போது மார்பின் கீழ்ப்பகுதி உள்வாங்கினாலோ தொண்டர் தாமதிக்காமல் சுகாதார நிலையத்துக்கு அனுப்ப வேண்டும். மருந்து தீர்ந்துபோனால் பயிற்சி பெற்ற தொண்டரும் கையைப் பிசைந்துகொண்டுதான் நிற்க வேண்டும். இவற்றை அறிந்தே, 2012-இல் உலகச் சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் இந்தச் சிகிச்சை முறையைப் பரிந்துரைத்துக் கூட்டறிக்கை வெளியிட்டன.

செய்து பாருங்கள்

வீட்டில் தம்பியோ தங்கையோ அமைதியாக உறங்கும்போது மூச்சை எண்ணுங்கள். முதலில் 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்குங்கள். பிறகு முழு ஒரு நிமிடம் எண்ணுங்கள். இரண்டையும் மும்முறை செய்து அட்டவணையில் குறியுங்கள். 15 விநாடியில் ஒரு மூச்சைத் தவறவிட்டால், விடையில் நான்கு குறைந்துவிடும். 40 என்பது 36 ஆகிவிட்டால், மருந்து தேவைப்படும் குழந்தைக்கு அது கிடைக்காது. தொண்டர்கள் ஏன் முழு நிமிடமும் பொறுமையாக எண்ணுகிறார்கள் என்பது அப்போது புரியும்.