இரவில் வரும் தூரத்து வானொலி

பகலில் இரையும் ரேடியோ, இரவில் பாடுகிறது. ஏன் தெரியுமா?

திருச்சி வானொலி தொடங்கியது 1939-ல். நெல்லைக்கு நிலையம் வந்ததோ 1963-ல்தான். அதுவரை சேரன்மகாதேவிக்காரர்களுக்குத் தூரத்து நிலையங்களே துணை!

வானில் சுமார் 100 கிலோ மீட்டர் உயரத்தில் மின் அடுக்கு உண்டு. மத்திய அலையை அது பூமிக்குத் திருப்பி அனுப்பும். பகலில், அதற்குக் கீழே வெயிலால் உண்டாகும் இன்னொரு அடுக்கு அலையை விழுங்கிவிடும். இருட்டியதும் அது கலைந்துவிடும்.

நீங்களும் பிடிக்கலாம். டிரான்சிஸ்டரை மொட்டைமாடிக்குக் கொண்டுபோங்கள். மெதுவாகத் திருகுங்கள். பெட்டியைத் திருப்பினால் குரல் தெளியும். கேட்ட நேரம், அலைவரிசை, நிகழ்ச்சி மூன்றையும் நிலையத்துக்கு எழுதுங்கள். "எங்கள் நிலையம்தான்" என்று உறுதி கூறும் அட்டை வரக்கூடும்.

பல நாடுகள் மத்திய அலை நிலையங்களை மூடிவிட்டன. இன்றிரவே கேளுங்கள்!