கேட்டவுடன் படம்: தொலைக்காட்சியின் அடுத்த கட்டம்

வீட்டில் எதை எப்போது பார்ப்பது என்பதை முன்பு தொலைக்காட்சி நிறுவனங்களே தீர்மானித்து வந்தன. எட்டு மணிச் செய்தியைத் தவறவிட்டால் தவறவிட்டதுதான். குழந்தைகளுக்குப் பயனுள்ள ஒரு நிகழ்ச்சி மஃரிப் நேரத்தில் வந்தால், அதைப் பாதியில் விட்டுவிட்டுத்தான் தொழுகைக்கு எழ வேண்டியிருந்தது. இந்த நிலையை மாற்ற வந்ததுதான் 'வீடியோ ஆன் டிமாண்ட்'. அதாவது, நாம் கேட்கும் நிகழ்ச்சி, கேட்கும் நேரத்தில்.

இது எப்படி இயங்குகிறது? படங்கள் யாவும் நிறுவனத்தின் பெரிய கணினிகளில் சேமித்து வைக்கப்படும். நாம் ரிமோட்டில் ஒன்றைத் தேர்வு செய்தால், அது நம் வீட்டுக்கு மட்டும் அனுப்பப்படும். இடையில் நிறுத்தலாம், பின்னோக்கி ஓட்டலாம்.

சிக்கலும் இங்குதான் தொடங்குகிறது. கேபிளில் ஒரு சேனலை ஒருமுறை அனுப்பினால் ஊர் முழுவதும் பார்க்கலாம். இங்கோ ஆயிரம் வீடுகள் கேட்டால் ஆயிரம் முறை தனித்தனியே அனுப்ப வேண்டும். செயற்கைக்கோள் வழி வரும் டிடிஎச் சேவையால் இது இயலாது. ஒரே படத்தைப் பல சேனல்களில் அரை மணி நேர இடைவெளியில் தொடங்குவது போன்ற ஏற்பாட்டைத்தான் அதில் செய்ய முடியும்.

அமெரிக்காவின் ஆர்லாண்டோ நகரில் டைம் வார்னர் நிறுவனம் 1994 டிசம்பரில் இச்சேவையைச் சோதனையாகத் தொடங்கியது. சுமார் 4,000 வீடுகளுக்கு இணைப்பு தரப்பட்டது. தொழில்நுட்பம் வேலை செய்தது. ஆனால் செலவு கட்டுப்படியாகவில்லை. ஒவ்வொரு வீட்டிலும் வைத்த பெட்டிக்கே ஆயிரக்கணக்கான டாலர் ஆனது. 1997-ல் சோதனை கைவிடப்பட்டது. 1998-ல் ஹாங்காங் டெலிகாம் தொடங்கிய சேவையும் சில ஆண்டுகளிலேயே மூடப்பட்டது.

அதன் பிறகு நிலைமை மாறத் தொடங்கியது. சேமிப்புக் கருவிகளின் விலை வெகுவாகக் குறைந்துவிட்டது. 2003-ல் வந்த எச்.264 என்ற சுருக்கும் முறை, பழைய முறையில் ஆகும் அளவில் ஏறத்தாழ பாதியிலேயே அதே தரத்தைத் தருகிறது. டிவிடிகளை அஞ்சலில் வாடகைக்கு அனுப்பி வந்த நெட்ஃபிளிக்ஸ், 2007 ஜனவரியில் சுமார் ஆயிரம் படங்களை இணையம் வழியே கணினியில் பார்க்கும் வசதியைத் தொடங்கியது. அதே ஆண்டு டிசம்பரில் பிபிசி, ஒளிபரப்பி முடித்த நிகழ்ச்சிகளைப் பிறகு பார்க்க 'ஐபிளேயர்' சேவையை அறிமுகப்படுத்தியது.

நம் நாட்டில் அப்போது தடையாக இருந்தது இணைய வேகம்தான். 2004-ன் அரசுக் கொள்கைப்படி 256 கேபிபிஎஸ் வேகம் இருந்தாலே அது பிராட்பேண்ட் எனப்பட்டது. டிவிடி தரத்தில் இரண்டு மணி நேரப் படம் ஒன்று சுமார் 3.6 ஜிபி. அந்த வேகத்தில் அது வந்து சேர 31 மணி நேரம் ஆகும்! புதிய சுருக்கும் முறையிலும் 15 மணி நேரத்துக்குக் குறையாது. குறைந்தது 2 எம்பிபிஎஸ் வேகம் தடையின்றிக் கிடைத்தால்தான் இது நம் கூடத்துக்கு வர முடியும்.

இச்சேவையால் நமக்கு நன்மையும் உண்டு, சோதனையும் உண்டு. பாடம் முடித்த பிறகு, தொழுத பிறகு, குடும்பத்தோடு உட்கார்ந்து பார்க்கத் தகுந்ததை மட்டும் தேர்ந்தெடுக்கலாம். வேண்டாத சேனல்களுக்குப் பணம் கட்டத் தேவையிருக்காது. ஆனால், பிள்ளை ஒரு பொத்தானை அழுத்தினாலே பில்லில் தொகை ஏறும் அபாயம் உண்டு. எனவே இரகசிய எண் கொண்டு பூட்டும் வசதி இருக்கிறதா என்று கேட்ட பிறகே இணைப்பு வாங்க வேண்டும்.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. முன்பு நிகழ்ச்சி முடிந்தால் பிள்ளைகள் எழுந்து போனார்கள். முடிவே இல்லாத பட்டியல் கைக்கு வந்துவிட்டால், 'போதும்' என்று சொல்ல எந்தச் சேனலும் இருக்காது. நேர அட்டவணை போடும் வேலை தொலைக்காட்சி நிலையத்திடமிருந்து நம் கைக்கு மாறுகிறது. பெட்டி வருவதற்கு முன்பே அந்த அட்டவணையை வீட்டில் பேசி முடிவு செய்து வைப்பது நல்லது.